ஒகாமுரா

காவலாளி வேலைக்குத்தான் என்னை எடுத்தவை,
கரடிப்போக்குச் சந்தியில, ஒரு கடைக்கு மேல,
யப்பான் பாஷை படிப்பிக்கிற இடத்தில.
மூண்டாம் நாள் சமில்கா மிஸ் கீழ இறங்கி வந்து
எத்தினை கிலோ எண்டு கேட்டா.
எழுபத்திரண்டு.
அப்ப வாங்க ஐயா, கட்டில்ல படுங்க.

அண்டையிலயிருந்து பின்னேரம் ரெண்டு மணிக்கு
எனக்கு எண்பத்தேழு வயது.
பேர் ஒகாமுரா. வலப்பக்கம் வழங்காது.
மனிசி செத்திட்டா, மகன் வேற ஊரில.
எல்லாம் தாளில எழுதித் தலைமாட்டில ஒட்டியிருக்கு.
நாளுக்கு எண்ணூறு ரூபா மேலதிகம்,
பால்தேத்தண்ணி தனி.

இருபத்திரண்டு பிள்ளையள்.
விசுவமடு, முழங்காவில், அக்கராயன்,
ஒருத்தி மல்லாவியிலயிருந்து ரெண்டு பஸ் மாறி.
முறைக்கு முறை வந்து என்னைப் புரட்டுதுகள்.
தொட முதல் சொல்லவேணும், திருப்ப முதல் கேக்கவேணும்,
அதுதான் அங்கத்தைய ஒழுங்காம்.
என்னட்டை ஆரும் கேட்டு எதையும் செய்ததில்லை.
முதல் கிழமை சிரிப்பை அடக்கேலாமல் போச்சு.

இதாய் எண்டால் நோகுதாம்.
இடப்பக்கம் சரிக்கேக்க சொன்னன்: இதாய்.
மிஸ் கைதட்டினா,
கனகலிங்கம் ஐயா, நல்ல நடிப்பு.
இடுப்புக்குள்ள பதினாறு வருசமாய்க் கிடக்கிற செல்துண்டுக்கு
அண்டைக்குத்தான் முதல் கைதட்டல்.

தூக்கிற பாடத்தில எல்லாரும் தடுமாற
நிதர்சினி வந்தாள், வகுப்பில மூத்தவள்.
கழுத்துக்கு ஒரு கை, முழங்காலுக்கு ஒரு கை,
என்ர பாரத்தைத் தன்ர நெஞ்சோட சாத்தி
ஒரே எழும்பல்.
மிஸ் படத்தைக் காட்டி முடிக்கேல்லை.
எங்க பழகினனி எண்டு நான் கேக்கேல்லை.
கேட்டால் அவளும் கேப்பாள்.

உருத்திரபுரத்தில எனக்கு ரெண்டு ஏக்கர்.
இந்தமுறை வரம்பு கட்ட ஆள் தேடி,
மூவாயிரத்தைந்நூறும் சாப்பாடும் எண்டும் கிடைக்கேல்லை.
கேட்ட பெடியள் எல்லாம்
கட்டாருக்கோ ருமேனியாவுக்கோ மெடிக்கல் எடுக்கக்
கொழும்பு பஸ்ஸில.
மண்வெட்டி பிடிச்சது நான்தான்.
காலமை வரம்பு, பின்னேரம் பக்கவாதம்.

தைக்குப் பிறகு ஒரு வொய்ஸ் மெசேஜ்.
ஐயா, இங்க என்ர ஆள் முப்பத்தெட்டுக் கிலோ.
உங்களைத் தூக்கின பழக்கத்தில தூக்கி
முகட்டில இடிக்கப் பாத்தன்.
என்ர பேர் வாயில வராமல் நித்தா எண்டு கூப்பிடுறார்.
பிறகு சிரிப்பு. பிறகு ஒண்டுமில்லை,
ஏதோ மெசின் இரையிற சத்தம் மட்டும்.
அதையும் முழுக்கக் கேட்டன்.

ராவில இடப்பக்கம் திரும்பக்
கட்டில் சட்டத்தைப் பிடிச்சு மெல்ல இழுக்கிறன்.
திருப்ப முதல் கேக்கவேணும் எண்டது நினைவு வரக்
கேட்டும் பாத்தன், அந்தப் பாஷையிலயே.
ஆரோட கதைக்கிறியள் எண்டா மனிசி.
ஒகாமுராவோட.
கதைச்சு முடிச்சிட்டுப் படுங்கோ,
விடிய மருந்தடிக்க வேணும்.

திங்கட்கிழமை புது வகுப்பு, முப்பது பேராம்.
சறத்தைத் தோய்ச்சுப் போட்டிருக்கு.