அரைப்புள்ளி

நேசம்மாவின் கடிதம் நாலாம் தடவையும் திரும்பி வந்திருக்கிறது.
மேல் மூலையில் சிவப்புப் பேனாவால்
யாரோ எழுதியிருக்கிறார்கள்:
விளங்கும் மொழியில் அனுப்பவும்.

அம்பாறைக் கச்சேரியின் கணினியில் அவர் பெயர்
Nerk;kh
நிலம்
epyk;
மெய்யெழுத்துகளின் தலையில் இருந்த புள்ளியெல்லாம்
இறங்கி வந்து அரைப்புள்ளியாகிப்
பக்கத்தில் நிற்கின்றன,
கந்தோர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
யாரும் கூப்பிடுகிறார்களா என்று பார்க்கும் ஆட்கள் போல.

"அங்க பாமினி இல்ல" என்றேன்.
"பாமினி ஆரு மகள்?
இடமாற்றம் கிடைச்சுப் போயிட்டாவா?"

எப்படிச் சொல்வது,
அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
என் கடைக் கணினியில் மட்டும் குடியிருக்கிற
ஓர் எழுத்துரு அது,
அது இல்லாத ஊரில் உங்கள் காணி
வெறும் ஆங்கில எழுத்துகளின் மூட்டை என்று?
சொல்லவில்லை.
மாற்றத் தொடங்கினேன்.

முதல் தட்டலில் கொம்புகள் கழன்றன.
மேற்கெல்லையில் இருந்த ஆதம்பாவாவின் வேலி
வலி ஆகிவிட்டது.
திருத்தினேன்.
'இடம்பெயர்ந்து' என்ற சொல்லில்
கொம்பு எந்த எழுத்துக்குரியது என்று
மென்பொருளுக்குத் தெரியவேயில்லை.
அதை அழித்துக் கையால் அடித்தேன்.

அடையாள அட்டை இலக்கத்தின் வாலில் இருந்த
ஆங்கில வீ, தமிழ் ஏ ஆகியிருந்தது.
ஒன்பது இலக்கம், பிறகு
ஏ.
"அப்பிடித்தான் அங்க கூப்பிடுறாங்க" என்றார்.
சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய எழுத்து பருமன்.
வடக்கே வாய்க்கால், தெற்கே மருதமரம்,
மூன்று ஏக்கர் இரண்டு றூட்
எல்லாம் தடித்து நீண்டு
கையொப்பம் மட்டும் தனியே
இரண்டாம் தாளுக்குப் போய்விட்டது.
பன்னிரண்டைப் பதினொன்றாக்கி
மெல்ல இழுத்து வந்தேன்.
காணியின் அளவு அதேதான்.

பதினெட்டு நாளில் பதில் வந்தது.
நல்ல யூனிகோட்.
கொம்பு, துணைக்கால், சுழி
அதனதன் இடத்தில்,
ஒரு புள்ளி பிசகவில்லை:
தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.

"இப்ப அவங்களுக்கு விளங்குதாமா?"
"விளங்குதாம்."
"எனக்கும் விளங்குது" என்று
கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார்.
ரெண்டு கொப்பி எடுக்கச் சொன்னார்.
ஒன்றுக்குத்தான் காசு வாங்கினேன்,
அதற்கும் சண்டை பிடித்தார்.

சாகாமம் பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு
வெறும் தாள் ஒன்றைத் திறந்தேன்.
சேமிக்கப் பெயர் கேட்டது.
நேசம்மா ஆறு
என்று கொடுத்தேன்.