முற்றிலும் உடன்படுகிறேன்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்த
அரைமணி நேரத்தில்
பஸ்ஸில் உட்கார்ந்தபடியே
பதினோரு பேருக்குக் கருத்துச் சொல்லி முடித்தேன்.

மண்டலத்தின் சிறந்த பணியிடம் விருதுக்கு
எங்கள் ரைஸ் மில்லும் விண்ணப்பித்திருக்கிறது.
சென்னையிலிருந்து சின்னவர் கொண்டுவந்த யோசனை.
எண்பத்து நாலு பேர்,
ஆளுக்கு இருபத்திரண்டு கேள்வி,
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்.
வெள்ளிக்கிழமை லோடு நாள்.

ஐந்து பேனா வாங்கினேன்.
நீலம் மூன்று, கறுப்பு இரண்டு.
லூர்துசாமிக்கு டிக் சாய்வாக.
பாய்லர் அமிர்தகடேசனுக்கு அழுத்தி.
பீகாரிலிருந்து வந்த சுரேந்தருக்கு
கோட்டைத் தாண்டி வெளியே கொஞ்சம்.
எல்லோரும் ஒரே மாதிரி சந்தோஷமாக இருந்தால்
நம்பமாட்டார்களாம்.
அங்கங்கே ஒரு 'ஓரளவு' தூவச் சொன்னார்,
பொங்கலில் முந்திரி போல.

ஒன்பதாவது கேள்வி:
உங்கள் குறைகளை நிர்வாகம் காதுகொடுத்துக் கேட்கிறதா?
அமிர்தகடேசனின் வலது காதை
பாய்லர் வாங்கிக்கொண்டது.
மெஷின் வாங்கித் தந்தவர் பெரியவர்தான்.
சம்பளத்தில் பிடித்தவரும் அவர்தான்,
மாதம் முந்நூறு, பதினாறு மாதம்.
தீபாவளி மாதம் மட்டும் பிடிக்கவில்லை.
இதற்கு எந்தக் கட்டம்?

மாரிக்கண்ணு மட்டும் மேசைக்கே வந்துவிட்டாள்,
புருவமெல்லாம் தவிடு.
"என்னோடத எனக்குப் படிச்சுக் காட்டு."
படித்தேன்.
பதினேழாவதில் நிறுத்தச் சொன்னாள்.
நாளைக் காலை இங்கே வேலைக்கு வர
உங்களுக்கு விருப்பமா?
"இத யாரு கேக்குறா?"
தஞ்சாவூரில் ஒரு கமிட்டி.
"பத்தொம்பது வருசம் கழிச்சா?"
பிறகு, கேட்டவர்கள் மனம் நோகக்கூடாது என்பதுபோல,
"நீ என்ன போட்டியோ
அதயே எனக்கும் போட்டுடு."

நான் எதுவும் போட்டிருக்கவில்லை.
என் படிவம் டிராயரில் கிடந்தது,
மேலே டிபன் பாக்ஸ் மூடி.
எண்பத்து மூன்றே போதும் என்றுவிட்டார்கள்.
மாரிக்கண்ணுக்குக் கறுப்புப் பேனா.

விருது வந்தது.
மேட்டூர் திறக்காத ஜூன் அது.
நெல் வரத்து இல்லை என்று ஆறு பேரை நிறுத்தியிருந்தோம்.
குரூப் போட்டோவுக்கு அவர்களையும் கூப்பிடச் சொன்னார்கள்.
நாலு பேர் வந்தார்கள்,
யூனிஃபார்மைத் துவைத்துப் போட்டுக்கொண்டு.
ஒருவன் போகும்போது கேட்டான்:
"இதத் திருப்பிக் குடுக்கணுமா?"

பெரியவர் கண்ணாடிக் கேடயத்தைக்
கையில் ஏந்திப் பார்த்தார்.
பழக்கதோஷம்.
சாம்பிள் நெல் நிறுக்கும் தராசில் வைத்தார்.
"ஒண்ணு முந்நூத்து நாப்பது," என்றார்,
கொஞ்சம் ஏமாந்த குரலில்.

எனக்கும் பழக்கதோஷம்.
வரவு நோட்டில் எழுதிவிட்டேன்.
ரகம்: கண்ணாடி.
எடை: 1.340.
ஈரப்பதம் என்ற கட்டத்தில் மட்டும்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.