படிக்க மட்டும்

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
அதை ஓட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.
போவேன், திரும்புவேன்,
வழி தவறவே வழியில்லை.

இல்வர்ஸ் அயர்லாந்துக்குக் காளான் பறிக்கப் போனபோது
விட்டுப்போனவை:
ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், அரை டப்பா வார்னிஷ்,
கடவுச்சொல் சொல்லாத மடிக்கணினி.

முதல் குளிர்காலத்தில் ஊகித்துப் பார்த்தேன்.
நாயின் பெயர். மோட்டார் சைக்கிள் எண்.
வெட்கத்தோடு, என் பிறந்தநாள்.
எதுவும் இல்லை. மூடி வைத்தேன்.

நாலாவது குளிர்காலத்தில்
நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.
செவ்வாய் மாலைகளில் அங்கே
மீன் டப்பா ஆலையின் மெக்கானிக் குன்வால்டிஸ்
பழைய கணினிகளைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார்.
தட்டிப் பார்த்தார், தர்ப்பூசணியைத் தட்டுவதுபோல.
"கம்பெனி இதைக் கைகழுவிவிட்டது.
இரும்பில் ஒரு குறையும் இல்லை."

சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவைச் செருகினார்.
"எவ்வளவு?"
"இலவசம்."
"அப்படியானால் இது யாருடையது?"
அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.
"டிராமில் நிற்கிற இடம் யாருடையது?" என்று கேட்டுவிட்டு
டீ போடப் போனார்.

திரை இரண்டு வழி காட்டியது:
முயன்று பார். நிறுவு.
முயன்று பார்த்தேன்.
கடவுச்சொல் கேட்காமல்
அவன் வட்டு முழுவதும் திறந்துகொண்டது,
பூட்டு முன்வாசலுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

வரி. பல் மருத்துவர். புதிய கோப்புறை மூன்று.
அதற்குள் ஓர் அட்டவணை,
அவன் போவதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி.
மேலே இரு தலைப்பு: போனால், இருந்தால்.
வாடகை, விறகு, பெட்ரோல், கடைவாய்ப்பல்,
எல்லாவற்றுக்கும் எதிரே யூரோ.
பதினான்காவது வரிசையில் எரிகா,
எதிரே இரு கட்டமும் காலி.

கூட்டல் பதின்மூன்றோடு நின்றுவிட்டது.

வேலைக்காரிக் கை. சும்மா இருக்கவில்லை,
கட்டத்தைத் தொட்டது.
திரை சொன்னது: படிக்க மட்டும். திருத்த இயலாது.

"அவர் இதை முறையாக அணைக்கவில்லை,"
பின்னாலிருந்து குன்வால்டிஸ்.
"மூடியை மட்டும் மூடியிருக்கிறார்.
உறங்குகிற வட்டில் எழுத விடாது."
கட்டாயப்படுத்தவும் வழியுண்டாம். வேண்டாம் என்றேன்.
எந்த எண்ணைப் போட்டிருப்பேன் என்று
எனக்கே தெரியாது.

வட்டை முழுதாக அழிக்கவா என்று கேட்டது.
எடுத்துவைக்க ஏதாவது உண்டா என்று அவரும் கேட்டார்.
இல்லை.
(பூட்ஸை நான் போட்டுக்கொள்கிறேன். அது வேறு விஷயம்.)

இருபது நிமிடம். கோடு நகர்ந்தது.
உங்கள் பெயர் என்ன?
அவன் ஒருநாளும் நெடில் போட்டதில்லை,
மேலே ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான்,
எல்லா ரசீதிலும் நான் குறிலாகவே கிடந்தேன்.
விசையைத் தேட நேரம் பிடித்தது.
ஏரிகா.
ஏற்றுக்கொண்டது.

விசிறியின் இரைச்சல் அடங்கியது.
நூலகத்துப் பிரிண்டரைத் தானே கண்டுபிடித்தது.
வைஃபை மட்டும் வரவேயில்லை.
குன்வால்டிஸ் கெட்ட வார்த்தை சொன்னார்,
அடுத்த செவ்வாய் அடாப்டர் கொண்டுவருவதாகவும் சொன்னார்.

அணைக்கச் சொன்னேன்.
அறுபது விநாடியில் தானாக அணையும் என்றது,
இப்போதே வேண்டுமானால் அழுத்தலாம்.
அழுத்தவில்லை.
கடைசி நிறுத்தத்தில், ஏற ஆளில்லாதபோதும்,
நான் நிறுத்தி வைப்பது இதைவிட அதிக நேரம்.
ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டு.