ரஜ்ஜு தட்டுகிறது

சனி இரவு பத்தரை.
செத்தாபாக், பதினேழாவது மாடி.
துணி காயும் கம்பிக்கு அப்பால்
எல்ஆர்டி ஒரு மஞ்சள் புழுவாக
வங்சா மாஜு பக்கம் நெளிகிறது.

யுகேந்திரன் கேன்களை எடுத்து வைக்கிறான்,
நிச்சயதார்த்தத் தட்டு வைக்கிற பதத்தில்.
ஒன்று அசாம்போய் போட்டுப் புளிக்கவைத்த பீர்.
ஒன்றில் பம்ப்ளிமாஸ் தோல்.
மூன்றாவது கறுப்பு, காப்பித்தூள் வாசம்,
அதன் விலைக்குப் பத்துப் பொட்டலம் நாசி லெமாக் வாங்கலாம்.

கட்டம் போட்ட நோட்டில் எழுதுகிறான்:
எந்தப் பாட்டுக்கு எந்த பீர்,
எந்த பீருக்கு எந்தக் கார்ட்டூன்.

டிவியில் சத்தம் இல்லை.
மீன்தலைத் தபால்காரன் ஒருவன்
தன் காதுக்குள் தானே இறங்குகிறான்.
ஒவ்வொரு படியும் ஒரு நாக்கு.
நாக்குகளிடம் முகவரி கேட்கிறான்.

இசைத்தட்டு பசார் காராட்டில் பதினைந்து வெள்ளி.
உறையில் பெயர் இருந்த மூலையை
யாரோ கிழித்திருக்கிறார்கள்.
நேராகப் போகத் தெரியாத கிதார்.
தண்ணீரில் சிந்திய எண்ணெயாகப் பரவி
நிறம் மாறித் திரும்பி வந்து
புறப்பட்ட இடம் இதுதானா என்று பார்க்கிறது.
பின்னாலேயே ஆர்கன், சளி பிடித்த குரலில்.

“கணம் சரி” என்றான் முதல் மடக்கில்.
“புளிப்பும் ராட்சச கணம், பாட்டும் ராட்சச கணம்.”
“பம்ப்ளிமாஸ் குதிரை, டிரம்ஸ் எருமை.
யோனி பகை. வேண்டாம்.”
“எங்களிலும் குதிரைக்கு எலி ஆகாது லா”
என்றாள் மெய் ஃபூன், கால் நீட்டியபடி.

போன ஆண்டு கோம்பாக்கில்
ஒரு ஜோசியர் விரல் மடக்கியது
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
அவனுக்கும் தனுஜாவுக்கும்
பத்தில் ஒன்பது பொருத்தம்.
ரஜ்ஜு மட்டும் தட்டியது.
இருவருக்கும் சிரசு. ஒரே கயிறு.
ஒன்றாக இருப்பதுதான் குற்றம் என்றார்.
மண்டபத்து முன்பணம் திரும்பவில்லை.

கறுப்பைத் திறந்தான்.
ஊசியைத் தூக்கி
தபால்காரன் கடைசிப் படியில் கால் வைக்கும் நொடியில்
சரியாக இறக்கினான்.
கிதார் சுழல, நாக்குகள் சுழல,
குவளையில் நுரை சுழல
பார்த்துக்கொண்டே இருந்தோம்.
ஒன்றும் நடக்கவில்லை.
மூன்று மின்விசிறி ஓடும் அறையில்
வியர்த்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி.

“ரஜ்ஜு” என்று முணுமுணுத்தான்.
நாங்கள் சிரிக்கவில்லை.

அப்புறம் மழை.
கேஎல் மழைக்கு முன்னுரை கிடையாது.
வைஃபை போனது.
தபால்காரன் அந்தரத்தில் நின்றான்,
ஒரு கால் நாக்கின் மேல், வாய் திறந்தபடி,
கையில் ஈரமாகாத கடிதம்.
நெற்றிக்கு நேரே வெள்ளை வளையம் சுற்றிச் சுற்றி.
பாட்டு மட்டும் நிற்கவில்லை,
அவனைத் தாண்டிப் போய்
அவனுக்காகத் திரும்பி வந்தது.
மறுபடி போனது.

பீர் சூடேறிவிட்டது.
யாரும் எழுந்து ஐஸ் எடுக்கவில்லை.
“சேர்ந்திடுச்சு பார்” என்றாள் மெய் ஃபூன், மெதுவாக.

அவன் பேனாவைத் தேடுவான் என்று நினைத்தேன்.
நோட்டு மூடியே கிடந்தது,
அதன் அட்டைமேல் கேன் வைத்த ஈர வட்டம்
ஓரம் கலைந்து
பெரிதாகிக்கொண்டிருந்தது.