கோரையால் ஒருத்தி

பதினேழு வருஷமாக
சிமென்ட்டில் அந்தோணியார் செய்பவள் நான்.
ஒழுகினசேரியில் பட்டறை.
குழந்தை இயேசுவின் கன்னத்தை
இருபது நிமிஷத்துக்குள் வழித்தெடுக்க வேண்டும்.
அதற்கு மேல் போனால்
ஆண்டவரே நினைத்தாலும் சிரிப்பு மாறாது.

தேரூர்க் குளத்தங்கரையில்
வனத்துறைக்காரி சொன்னாள்:
கம்பி வேண்டாம், ஆணி வேண்டாம்,
சிமென்ட் என்று மூச்சே விடக் கூடாது.
குளத்தில் இருப்பதை வைத்துச் செய்யுங்கள்,
பிறகு குளமே எடுத்துக்கொள்ளட்டும்.
பறவை பார்க்க வருகிறவர்களுக்கு
ஓர் உருவம், எதுவானாலும்.

படுத்திருக்கும் ஒருத்தி என்று முடிவு செய்தேன்.
நிற்கிறவளுக்கு எலும்பு வேண்டும்.
படுத்தவளுக்குக் கரை போதும்.

லாரி டியூபில் மிதந்தபடி
தாமரை பறித்துக்கொண்டிருந்த ரசலையன்
கிட்டே வந்து நின்றார்.
"குளம் நம்ம குத்தகை, பாத்துக்கிடுங்க.
மொட்டு ஒண்ணு தொட்டாலும்
தோவாளைச் சந்தை விலைதான்."
காய்ந்த தண்டு போதும் என்றேன்.
"அது எதுக்கு?"
விலா எலும்புக்கு.
மறுநாள் ஒரு கட்டைக் கரையில் எறிந்தார்.
"நனைச்சுக் கெட்டுங்க. இல்லேன்னா ஒடியும்."

தொடைக்குச் சம்பங்கோரை.
இடுப்புக்கு இளங்கோரை, பச்சையாக.
ஆகாயத்தாமரையைத் தலைகீழாகப் பிடித்து
வேரை அலசினால்
எண்ணெய் தேய்த்த கூந்தல்.
முகத்துக்கு மடையடிக் களி.

விரல் பழக்கத்தில் பதறியது.
களிக்கு இருபது நிமிஷக் கெடு தெரியவில்லை.
காலையில் வைத்த மூக்கு
சாயங்காலம் மேலுதட்டில் கிடந்தது.
எடுத்து வைத்தேன்.
மறுநாளும் எடுத்து வைத்தேன்.
நாலாம் நாள், போ, உன் இஷ்டம் என்று விட்டேன்.
சப்பை மூக்கு.
எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதுதான்.

சிமென்ட் சிலையின் பீடத்தில்
யாரும் பார்க்காத பக்கம்
கட்டைவிரலை ஒரு அமுக்கு அமுக்குவேன்.
அதுதான் கையெழுத்து. சாமியாருக்குத் தெரியாது.
இவளுக்கு இடது குதிகாலில் அமுக்கினேன்.
விரலை எடுத்ததும் குழியில் வெள்ளம் ஊறி
மூடிக்கொண்டது.

ஆறாம் நாள் விடிகாலை
பகவதியப்பனின் எருமை அவளைத் தின்றுகொண்டிருந்தது.
அவசரமே இல்லை அதற்கு.
இடுப்பில் தொடங்கி,
இளசாகப் பார்த்துப் பார்த்து.
கத்தினேன். காதை ஆட்டியது.
பகவதியப்பன் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்.
"பொம்மைன்னு அதுக்குத் தெரியாதும்மா.
எனக்கே இப்பதான் தெரியுது."

வயிறு போயிற்று. ஒரு தொடையும்.
தாமரைத் தண்டு விலாக்கள் மட்டும்
கவிழ்த்த கூடைபோல.
நாளைக்கு விழா.
அரிவாளோடு கோரைக்குள் இறங்கியவள்
முழங்கால் வெள்ளத்தில் நின்றுவிட்டேன்.

விலாக்களுக்கு நடுவே
ஒரு நீலத்தாழைக்கோழி நுழைந்து வெளியே வந்தது.
திரும்ப நுழைந்தது,
நெட்டைக் காலைத் தூக்கித் தூக்கி,
அலகில் ஒரு கோரைத் துணுக்கோடு.
தின்னவா, வேறு எதற்காவதா,
எனக்குத் தெரியாது.

அறுத்த கோரையைக் கரையிலேயே போட்டேன்.

விழாவில் அதிகாரி கேட்டாள்:
இடுப்பு ஏன் இல்லை?
அது இன்னொருத்தர் வேலை, என்றேன்.
ஒரு பையன் அதை வள்ளம் என்றான்.
அவன் அப்பா, இல்லை, மீன் முள் என்றார்.
மீதி முன்பணத்தைக் கழித்து
சம்பளம் எழுதிக் கொடுத்தார்கள்.

மாசியில் ரசலையன் போன் பண்ணினார்.
"மழை பெஞ்சு உங்க ஆளு கரைஞ்சாச்சு.
முடி மட்டும் மிதந்து
நடுக்குளத்துல போயி
நிமிந்து பூத்து நிக்கு, ஊதா ஊதாவா.
நம்ம தாமரைக்கு எடைஞ்சலு கேட்டேளா.
வந்து எடுத்துட்டுப் போங்க."

சரி என்றேன்.
எப்போ என்றார்.
முட்டம் குருசடிக்கு நாலடி சவேரியார்
பாதியில் நின்றார்.
போனைத் தோளில் இடுக்கியபடியே
கலவையில் தண்ணீர் கொஞ்சம்
கூடிப்போயிருந்தது.
இருபது நிமிஷம் தாண்டியும்
கன்னம் இளகிக் கிடந்தது.

விரலை எடுக்கவில்லை.