சாக்கு

பூவனூர் கொள்முதல் நிலையத்தில்
குத்தூசியை மூட்டைக்குள் செருகி இழுத்தால்
உள்ளங்கையில் ஒரு பிடி நெல் விழும்.
கருக்கா, பதர், கல், ஈரம்.
பதினேழைத் தாண்டினால்
தார்ப்பாயில் கொட்டிக் காயவையுங்கள் என்பேன்.
பதினோரு வருஷமாய் அதுதான் என் வேலை.
அதனால் தஞ்சாவூர் டாக்டர் சொன்னபோது
சட்டென்று விளங்கிவிட்டது எனக்கு.

ஒவ்வொரு செல்லும்
உள்ளே என்ன வேகிறதென்று
ஒரு சிட்டிகை எடுத்துத் தன் வாசலில் நீட்டியபடி இருக்குமாம்.
கொலைகார டி செல் வாசல் வாசலாய் வந்து
தொட்டுப் பார்த்துவிட்டுப் போகுமாம்.
வைரஸ் புகுந்திருந்தால் சிட்டிகையில் தெரியும்.
பிறகு பேச்சில்லை.
ஒட்டி நின்று சுவரில் ஓட்டை போடும்,
ஓட்டை வழியே நொதியை அனுப்பும்,
செல் தன்னைத் தானே மடித்துக்கொண்டு சாகும்.
அடுத்த வாசல்.

"சாக்கையும் பார்க்குமா சார்?"
டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

சாக்கையும் சேர்த்துத்தான் பார்க்குமாம்.
நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பியில்
சின்ன வயதிலேயே அதற்குப் பாடம் நடந்துவிடுகிறது.
என் முத்திரை குத்திய சாக்கை மட்டும்தான் அங்கே காட்டுவார்கள்.
அதைத் தொடத் தெரியாதது சாகும்.
தொட்டு வெறிகொள்வதும் சாகும்.
நூற்றில் இரண்டோ மூன்றோ தேறி வெளியே வரும்.
அடுத்தவர் சாக்கை அவை கண்டதே இல்லை.
ஆனாலும் அது வந்து இறங்கியதும்
எத்தனையோ செல்கள் ஒன்றாய் எழுந்துகொள்கின்றன.
என் சாக்கில் கெட்ட நெல் எப்படித் தெரியுமோ
அப்படியே தெரிகிறதாம்
வேறு சாக்கில் நல்ல நெல்.
கொல்வதற்கு
அந்தச் சாக்கே போதும்.

சம்பா அறுப்போடு என் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன.
நடனசிகாமணி சட்டைப்பையில் ஆதார் நகலோடு வந்து
நான் தர்றேன் என்றார்.
வாய்க்கால் தண்ணீருக்காக
அண்ணனைக் கோர்ட்டுக்கு இழுத்த மனுஷன்.
ரத்த வகையும் ஒன்றுதான்.
அவர் செல்லையும் என் ரத்தத்தையும் ஒரே குழியில் விட்டார்கள்.
அவர் செல்கள் செத்தன.

பிள்ளை பெற்றவளுக்கு இது சகஜம் என்றார் டாக்டர்.
வயிற்றில் இருந்த ஒவ்வொன்றிலும் பாதி அவர் முத்திரை.
இறக்கி வைக்க இடம் கொடுத்து
ஒன்பது மாதம் ஒரு குறையும் சொல்லாத உடம்பு
ஓரமாய்க் குறித்து வைத்திருக்கிறது.
"எத்தனை பிரசவம்?"
இரண்டு என்றேன்.
பேனா நகரவில்லை.
மூன்று என்றேன்.
நாலாம் மாதம் போனதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை,
பேச்சிலும் எடுத்ததில்லை.
உள்ளே பேரேட்டில் அதற்கும் ஒரு பக்கம்.

கடைசியில்
வேளாங்கண்ணிப் பக்கத்துச் சவரிமுத்துவின் சிறுநீரகம் எனக்கு,
இவருடையது அவர் மனைவி பெனிட்டாவுக்கு.
அவளும் நாலு பெற்றவள்.
சவரிமுத்துவை அவள் ரத்தமும் விடவில்லை.
ஒரே காலை, அடுத்தடுத்த அறை.

இப்போது காலை ஒன்பதுக்கு, இரவு ஒன்பதுக்கு மாத்திரை.
அடைமழையில் மேலிடத்து உத்தரவு வருமே
இருபது வரை எடுத்துக்கொள்ளலாம் என்று,
அந்த மாதிரி.
வேளை தவறினால் பழைய சட்டம்தான்.
முகக்கவசம் கட்டிக்கொண்டு தூசியில் நிற்கிறேன்.
குறுவை நெல் வந்து குவிகிறது.

சவரிமுத்துவை நான் பார்த்தது இரண்டே முறை.
பெனிட்டாதான் மாதாமாதம் கூப்பிட்டு
கிரியாட்டினின் சொல்வாள்.
ஒன்று புள்ளி ஒன்று.
என்னுடையதைவிடக் குறைவு.
நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு
போனைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பேன்.

அவளுக்குள்
அவரை முன்பின் தெரிந்தவர்
யாருமில்லை.