மூன்றாம் பிரதிவாதி

பகாவிலிருந்து சிரம்பானுக்கு
ஏழு மணிப் பேருந்து ஒன்றுதான்.
அதனால் வாதியும் நானும்
நாலு தவணைக்கும் ஒன்றாகவே போனோம்.
பெரியண்ணன் முன் இருக்கையில்,
மடியில் பச்சைக் கோப்பு.
நான் கடைசிக்கு முந்தின வரிசையில்.
கோலப்பிலாவில் வண்டி நின்றால்
இறங்கித் தே ஓ குடிப்போம்,
வேறு வேறு மேசையில்.

தண்ணீர் இலாகாவில் அவர் சேர்ந்தது
எனக்கு நாலு வருடம் முன்னால்.
தற்காலிகம் என்று எழுதிச் சேர்த்தார்கள்.
நிரந்தரமாக்கிய கடிதம்
யாருடைய இழுப்பறையிலோ ஆறு வருடம் கிடந்தது.
எனக்கு ஓராண்டிலேயே வந்துவிட்டது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
மூப்பு, நிரந்தரமான நாளிலிருந்துதான்.
தகுதிக்கு மதிப்பெண் இருக்கிறது:
எனக்கு எண்பத்தெட்டு,
அவருக்கு எண்பத்தாறரை.
போட்ட அதிகாரி இங்கே மூன்று மாதம் இருந்துவிட்டு
ஜொகூருக்கு மாற்றலாகிப் போனவர்.
அதை யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
மனு தள்ளுபடி, செலவுத்தொகை இல்லை.
ஒன்பது நிமிடம்.

திரும்பும் வழியெல்லாம் செம்பனைமேல் மழை.
பதினெட்டு வருடமாய்த் தங்கச்சி என்றவர்
பகாவில் இறங்கும்போது
குடையை விரித்தபடி,
"வர்றேன் புவான்" என்றார்.

மூன்றாம் நாள் இரவு
மேட்டுத் தோட்டத்துக்குப் போகும்
எட்டங்குலக் குழாய் வெடித்தது.
இருநூறு வீட்டில் தண்ணீர் இல்லை.
வரைபடத்தில் வால்வு சாலைக்குக் கிழக்கே;
கிழக்கே தோண்டினால் களிமண், கோழி எலும்பு,
ஒற்றைச் சப்பாத்து.
பதினொன்றரைக்குப் பெரியண்ணனைக் கூப்பிட்டேன்.
வந்தார், மோட்டார் சைக்கிளில், மழைச்சட்டையோடு.
பள்ளத்தை எட்டிப் பார்த்தார். இறங்கவில்லை.
"வாய்மொழி உத்தரவு செல்லாதுன்னு
உங்க வக்கீல்தானே சொன்னாரு?"
சிரிக்காமல்தான் கேட்டார்.

வேன் மூடிமேல் தாளை வைத்து எழுதினேன்.
பெயருக்குக் கீழே மேற்பார்வையாளர் என்று
என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை.
மை பிடிக்கவில்லை.
தாள் நனைந்திருந்தது, அதனால்தான்.
இரண்டு தடவை எழுத்தின்மேல் எழுதினேன்.

டார்ச் அடித்து நிதானமாகப் படித்தார்,
குழாய் ஒருபக்கம் பீறிட்டுக்கொண்டிருக்க.
மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனவர்
திரும்பவும் விரித்து என்னிடமே நீட்டினார்.

"தேதி போடுங்க புவான்."

போட்டேன்.

"நேரமும்."

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு
சாலையின் மேற்குப் பக்கம் நடந்தார்.